ஸோடியத்துக்கு ஆசை உண்டோ?

சென்ற மாதம் ஒரு பிற்பகல். பதினோராம் வகுப்பில் நாம் ரஸாயனப் பாடம் நடத்திக் கொண்டிருந்தோம். உப்பு எப்படி உண்டாகிறது என்பது அன்றைய விஷயம். கரும்பலகையின் இடப் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு அதற்கு ஸோடியம் என்று பெயரிட்டோம். வலப் பக்கத்தில் இன்னொரு வட்டம், அது க்ளோரின். ஸோடியத்தின் வெளிவரம்பில் ஒரே ஒரு புள்ளி. க்ளோரினுடையதில் ஏழு புள்ளிகள்.

"பாருங்கள்! ஸோடியம் தன்னிடமுள்ள ஒற்றை எலெக்ட்ரானை எப்படியாவது கொடுத்துவிட வேண்டுமென்று ஆசைப்படுகிறது. க்ளோரினோ, எட்டுக்கு ஒன்று குறைகிறதே என்று ஏங்கிக் கிடக்கிறது. இவர் கொடுக்கிறார், அவர் வாங்கிக் கொள்கிறார். கல்யாணம் முடிந்தது!" என்றோம்.

வகுப்பு சிரித்தது. பதினெட்டு ஆண்டுகளாக இந்த இடத்தில் வகுப்பு சிரிப்பதும், சிரிப்பு அடங்கும் வரையில் நாம் சுண்ணாம்புக் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பெருமிதத்துடன் நிற்பதும் வழக்கம். ஆனால் அன்று சிரிப்பு அடங்கிய பிறகு, ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து நின்றாள்.

"ஸார், ஒரு சந்தேகம். ஸோடியத்திலிருந்து எலெக்ட்ரானை எடுக்க 496 கிலோ ஜூல் சக்தி செலவாகும் என்று போன வாரம் நீங்களே எழுதிப் போட்டீர்கள். க்ளோரின் அதை வாங்கிக் கொள்ளும்போது 349 தான் திரும்பக் கிடைக்கும் என்றும் சொன்னீர்கள். ஆசையோடு கொடுக்கிறவரிடமிருந்து அவ்வளவு செலவழித்துப் பிடுங்குவானேன்? பாக்கி 147-க்கு யார் ஜவாப்தாரி?"

நல்ல வேளையாக மணி அடித்தது. "நாளைக்குச் சொல்கிறேன், அம்மா" என்று கூறிவிட்டு வெளியேறினோம். உண்மையைச் சொன்னால், அந்த இரண்டு எண்களும் நமக்கு நன்றாகத் தெரிந்தவை. ஒன்று ஒரு பாடத்தில் வரும். மற்றொன்று வேறொரு பாடத்தில் வரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்க்க வேண்டுமென்று பதினெட்டு ஆண்டுகளில் நமக்குத் தோன்றவில்லை. பதினாறு வயதுப் பெண்ணுக்குத் தோன்றிவிட்டது.

அன்றிரவு இலையின் ஓரத்தில் வைத்த உப்பைச் சற்று அதிக நேரம் பார்த்துக் கொண்டிருந்தோம். இதனுள் இருக்கும் இரண்டு மூலகங்களும் சாதுக்கள் அல்ல. ஸோடியம் கத்தியால் நறுக்கக்கூடிய மிருதுவான வெள்ளை உலோகம். காற்றும் ஈரமும் படாமல் மண்ணெண்ணெயில் மூழ்க வைத்திருப்பார்கள். தண்ணீரில் ஒரு துண்டைப் போட்டால் சீறிக்கொண்டு ஓடித் தீப்பற்றும். க்ளோரின் பசுமை கலந்த மஞ்சள் வாயு. 1915-ஆம் வருஷம் ஏப்ரல் 22-ந் தேதி, பெல்ஜியத்தில் ஈப்ர என்னும் ஊருக்கு அருகே ஜெர்மன் சேனை எதிரிகளின் மேல் திறந்துவிட்ட விஷவாயு இதுதான். இவ்விரண்டும் சேர்ந்ததைக் குழந்தையின் பருப்பு சாதத்தில் கூசாமல் போட்டுப் பிசைகிறோம். எந்த மாறுதல் இவற்றை இப்படி அடக்கியது?

இதை அறிய அணுவின் உள்ளே கொஞ்சம் நுழைய வேண்டும். நேயர்கள் பயப்பட வேண்டாம். கல்யாணப் பந்தியைப் பார்த்தவர்களுக்கு இது பெரிய காரியமல்ல.

அணுவின் நடுவில் கரு. அதைச் சூழ எலெக்ட்ரான்கள். கருவும் எலெக்ட்ரானும் மின்சாரத்தில் எதிரெதிர்க் குணமுள்ளவை. ஆகையால் ஒன்றையொன்று இழுக்கும். அப்படியானால் எல்லா எலெக்ட்ரான்களும் கருவின் அருகிலேயே போய் அடைந்து கொள்ளக் கூடாதோ? கூடாது. பந்தியில் இலைகளுக்குக் கணக்கு உண்டு. கருவுக்கு மிகச் சமீபமான முதல் வரிசையில் இரண்டே இலைகள். இரண்டாவது வரிசையில் எட்டு. ஸோடியத்துக்கு மொத்தம் 11 எலெக்ட்ரான்கள். 2 பேர் முதல் வரிசையிலும் 8 பேர் இரண்டாவதிலும் அமர்ந்தபின், எஞ்சிய ஒருவர் மூன்றாவது வரிசையில் தன்னந்தனியாக உட்காருகிறார். க்ளோரினுக்கு 17: அதாவது 2, 8, 7. இந்தக் கடைசி வரிசையில் இருப்பவர்கள்தாம் வெளியுலகத்தோடு கொடுக்கல் வாங்கல் செய்கிறவர்கள். மற்றவர்கள் கருவின் பிடியில் இறுகிக் கிடக்கிறார்கள். எவ்வளவு இறுக்கம் என்றால், ஸோடியத்தின் கடைசி எலெக்ட்ரானை எடுக்க 496 கிலோ ஜூல் போதும். அதற்கு உள்ளேயிருக்கும் அடுத்த எலெக்ட்ரானை எடுக்க 4,562 வேண்டும். ஒன்பது மடங்குக்கும் மேல்! வரிசைகள் இருக்கின்றன என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டியதில்லை. (இந்த எண்கள் யாவும் 23 கிராம் ஸோடியத்துக்கு, அதாவது 'ஒரு மோல்' அணுக்களுக்கு, உரிய கணக்கு.)

பந்தி உவமையை மிகவும் நம்பிவிடவும் கூடாது. மூன்றாவது வரிசையில் உண்மையில் 18 இலைகள் உண்டு. ஆனாலும் பொட்டாஸியத்தின் 19-வது எலெக்ட்ரான், மூன்றாவது வரிசையில் எட்டுப் பேரே இருக்கும்போது, காலி இலைகளைத் தாண்டி நாலாவது வரிசைக்குப் போகிறது. ஆண்டுதோறும் மாணவர்கள் இங்கேதான் விழிக்கிறார்கள். வரிசைக்குள் உட்பிரிவுகள் உண்டு. நாலாவது வரிசையின் முதல் இடம், மூன்றாவது வரிசையின் கடைசிப் பிரிவைக் காட்டிலும் அந்த எலெக்ட்ரானுக்குச் சக்திச் செலவு குறைந்தது என்பதே காரணம். பிறகு வரும் இரும்பு முதலிய உலோகங்களில் மூன்றாவது வரிசையின் காலி இலைகள் நிரம்புகின்றன. இரும்புக்கு 2, 8, 14, 2. மேலும், எலெக்ட்ரான் இலைமுன் அசையாமல் உட்கார்ந்திருப்பதும் இல்லை. 1926-ல் ஷ்ரோடிங்கர் தமது சமன்பாட்டை வெளியிட்டதன் பின், அது எங்கே இருக்கக்கூடும் என்பதை மேகம்போல் பரவிய ஒரு சாத்தியக் கணக்காகவே சொல்ல முடிகிறது. அந்த மேகம் ஒவ்வொன்றிலும் இருவருக்கு மேல் இடமில்லை என்ற சட்டத்தை அதற்கு முந்திய வருஷமே பௌலி கண்டு சொல்லிவிட்டார். இலைக் கணக்கின் மூலம் அதுதான்.

ஆனால் கரும்பலகையில் நாம் இடுகிற புள்ளிகள் ஷ்ரோடிங்கருக்கும் பௌலிக்கும் முந்தியவை. அவற்றை நமக்குக் கொடுத்தவர் கில்பர்ட் நியூட்டன் லூயிஸ் என்ற அமெரிக்கர். அவருக்கும் இந்த யோசனை ஒரு வகுப்பறையில்தான் தோன்றிற்று என்பதை நினைக்க, நம்மைப் போன்ற உபாத்தியாயர்களுக்குச் சிறிது சந்தோஷமாக இருக்கிறது. 1902-ஆம் வருஷம் ஹார்வர்ட் கலாசாலையில், ரஸாயனத்தை அப்பொழுதுதான் தொடங்கிய மாணவர்களுக்கு மூலகங்களின் அட்டவணையை விளக்க முயன்று கொண்டிருந்தார். எட்டு எட்டாக ஏன் குணங்கள் திரும்பி வருகின்றன? ஒரு கனசதுரத்துக்கு எட்டு மூலைகள் உண்டே! மூலைக்கு ஓர் எலெக்ட்ரானாக வைத்தால் என்ன? ஒரு காகிதத்தில் சின்னஞ் சிறு பெட்டிகளாக வரைந்து வைத்தார். அதை உடனே அச்சுக்கு அனுப்பவில்லை. பதினான்கு வருஷம் கழிந்தது. 1916-ல், காலிபோர்னியாவில் பெர்க்லி கலாசாலையில் இருந்தபோது, இரண்டு அணுக்கள் ஒரு ஜோடி எலெக்ட்ரான்களைப் பொதுவில் வைத்துக் கொள்வதே பிணைப்பு என்ற கொள்கையை வெளியிட்டார்.

பெட்டி உருவம் தவறு. அது தவறு என்பதை அவரே அந்தக் கட்டுரையிலேயே உணர்ந்திருந்தார் என்பதுதான் நமக்கு வியப்பாக இருக்கிறது. இரண்டு பெட்டிகள் ஓர் ஓரத்தால் ஒட்டினால் ஒற்றைப் பிணைப்பு; ஒரு முகத்தால் ஒட்டினால் இரட்டைப் பிணைப்பு; மூன்று ஜோடிகளைப் பங்கிட்டுக் கொள்ளப் பெட்டியில் வழியில்லை. ஆகவே பெட்டியை விட்டு, நான்கு முகமுள்ள உருவத்தின் மூலைகளில் ஜோடிகளை வைத்தார். அதே வருஷத்தில் ஜெர்மனியில் வால்தர் காஸல் என்பவர், உப்பைப் போன்ற பொருள்களில் எலெக்ட்ரான் ஓர் அணுவிலிருந்து மற்றொன்றுக்கு மாறிப்போகிறது என்று விளக்கினார். 1919 முதல் இர்விங் லாங்முய்ர் என்ற மற்றொரு அமெரிக்கர் லூயிஸின் கொள்கையை விரித்து, ஊர் ஊராகப் பிரசங்கம் செய்தார். பங்கிட்ட பிணைப்புக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் பெயரும் லாங்முய்ர் வைத்ததே. கொள்கைக்கு இருவர் பெயரும் ஒட்டிக்கொண்டது. லூயிஸ் மனம் நொந்தார். லாங்முய்ருக்கு 1932-ல் வேறோர் ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு கிடைத்தது. லூயிஸின் பெயர் பல தடவை சிபாரிசு செய்யப்பட்டும் பரிசு வரவில்லை. 1946-ல் தம் ஆராய்ச்சிச் சாலையிலேயே உயிர் நீத்தார். உலகத்துப் பள்ளிக்கூடக் கரும்பலகைகளில் எல்லாம் தினந்தோறும் அவருடைய புள்ளிகள் எழுதி அழிக்கப்படுகின்றன.

மாணவியின் பாக்கி 147-க்கு வருவோம். அதற்கு ஜவாப்தாரி ஸோடியமும் அல்ல, க்ளோரினும் அல்ல; உப்புக் கல்தான். 1919-ல் மாக்ஸ் போர்னும் பிரிட்ஸ் ஹாபரும் இதற்கு ஒரு கணக்கு முறை வகுத்தார்கள். (ஈப்ர நகரத்தில் க்ளோரினைத் திறந்துவிடும் வேலையை மேற்பார்த்தவர் இந்த ஹாபர்தான். க்ளோரின் உப்பாகும் கணக்குக்கும் அவர் பெயரே வாய்த்தது.) வீட்டு வரவு செலவு எழுதத் தெரிந்த எவரும் இதை எழுதலாம். முதலில் செலவு: திடமான ஸோடியத்தைத் தனித்தனி அணுக்களாகப் பிரிக்க 107, ஜோடியாக இருக்கும் க்ளோரினை ஒற்றை அணுவாக உடைக்க 122, ஸோடியத்திலிருந்து எலெக்ட்ரானைப் பறிக்க 496. மொத்தம் 725. இனி வரவு: க்ளோரின் எலெக்ட்ரானை ஏற்பதால் 349. இத்துடன் நிறுத்தினால் குடும்பம் கடனில் மூழ்கிவிடும். ஆனால் எலெக்ட்ரான் இழந்த ஸோடியமும், அதைப் பெற்ற க்ளோரினும் இப்போது எதிரெதிர் மின்சாரம் ஏறியவை. அவை ஒன்றையொன்று இழுத்து, அணியணியாக நெருங்கி ஸ்படிகமாக அடுக்கப்படும்போது 787 கிலோ ஜூல் வெளிப்படுகிறது. வரவு மொத்தம் 1,136. செலவு போக மிச்சம் 411. உலோகமும் வாயுவும் சேரும்போது பளிச்சென்று எரிகிற ஜ்வாலை இந்த 411-ன் வெளிச்சம்.

ஆக, ஸோடியம் எலெக்ட்ரானைக் கொடுக்க ஆசைப்படவே இல்லை. அது பிடித்துக் கொண்டுதான் இருக்கிறது. அதன் பிடி க்ளோரின் தருகிற விலையை விடப் பெரியது. கூட்டமாக அடுக்கப்படுகிற லாபம் அந்தப் பிடியை வென்றுவிடுகிறது. இரண்டாவது எலெக்ட்ரான் ஏன் போவதில்லை என்பதற்கும் இதே கணக்குப் புத்தகம் விடை சொல்லும்: 4,562 செலவை எந்த ஸ்படிகமும் ஈடு செய்யாது. அதனால்தான் ஸோடியம் ஒன்றோடு நிற்கிறது. எட்டு நிறைந்த திருப்தியால் அல்ல.

எட்டின் மகிமையில் இன்னும் நம்பிக்கை உள்ளவர்கள் ஆக்ஸிஜனைப் பார்க்கட்டும். அதன் கடைசி வரிசையில் ஆறு. எட்டாக இரண்டு வேண்டும். முதல் எலெக்ட்ரானை ஏற்கும்போது 141 கிலோ ஜூல் தருகிறது. இரண்டாவதையோ, ஏற்கனவே எதிர் மின்சாரம் ஏறிய அதன்மேல் நாம் சக்தி செலவழித்துத் திணிக்க வேண்டும். எட்டு நிறைந்த அந்த ஆக்ஸிஜனை வெளியில் தனியே விட்டால், வந்த எலெக்ட்ரானை உதறிவிடும். மக்னீஸியமோ கால்ஸியமோ சுற்றிலும் சூழ்ந்து நின்று பிடித்துக் கொண்டால்தான் எட்டு நிலைக்கும். நாம் சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பைச் சுட்டெடுக்கும் காளவாயில் உண்டாவது இப்படிப்பட்ட ஸ்படிகம்தான்.

இங்கே இன்னொரு பிழையையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு ஸோடியத்துக்கும் ஒரு க்ளோரினுக்கும் கல்யாணம் என்றோமே, உப்புக்குள் அப்படி ஒரு தம்பதி கிடையாது. 1913-ல் லாரன்ஸ் ப்ராக் என்ற இளைஞர், எக்ஸ் கதிர்களைக் கொண்டு உப்பின் உள்ளமைப்பைக் கண்டு வெளியிட்டார். ஒவ்வொரு ஸோடியத்தைச் சூழ ஆறு க்ளோரின். ஒவ்வொரு க்ளோரினைச் சூழ ஆறு ஸோடியம். எவருக்கு எவர் ஜோடி என்று சொல்ல முடியாது. ஆங்கில ரஸாயன ஆசிரியர்களில் மூத்தவரான ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு இது பொறுக்கவில்லை. 1927-ல், தமக்கு எண்பது வயது நெருங்கும் சமயத்தில், உப்பைச் சதுரங்கப் பலகையாக்கிவிட்டார்களே என்று பத்திரிகையில் எழுதிச் சீறினார். பாவம், பலகைதான் வென்றது. உப்பு உருக 801 டிகிரி சூடு வேண்டியிருப்பதும், உப்புக் கல்லை அம்மியில் தட்டினால் சதுரம் சதுரமாகப் பிளப்பதும் அந்தப் பலகையின் குணங்களே.

பங்கிட்டுக் கொள்ளும் பிணைப்புக்கும் கணக்கு இதே மாதிரிதான். இரண்டு அணுக்களின் நடுவே எலெக்ட்ரான் ஜோடி உலவும்போது இரண்டு கருக்களும் அதை இழுக்கின்றன, சக்தி குறைகிறது, பிணைப்பு உண்டாகிறது. ஒன்றையொன்று விலக்கும் இரண்டு எலெக்ட்ரான்கள் ஏன் ஜோடி சேர வேண்டும் என்பதற்கு லூயிஸால் 1916-ல் காரணம் சொல்ல முடியவில்லை; ஜோடி சேர்கின்றன என்று மட்டும் கண்டார். காரணத்தை 1927-ல் ஹைட்லர், லண்டன் என்ற இருவர் ஹைட்ரஜனை வைத்துக் கணக்கிட்டுக் காட்டினார்கள். பிணைப்பு உண்டாகும்போது சக்தி வெளிப்படும், உடைக்கச் சக்தி செலவாகும். இதைத் தலைகீழாக எழுதாத பரீட்சை விடைத்தாள் கட்டை நாம் இன்னும் பார்க்கவில்லை.

இந்த வகையில் பிடிவாதத்துக்குப் பேர்போனது நைட்ரஜன். இரண்டு நைட்ரஜன் அணுக்கள் மூன்று ஜோடிகளைப் பங்கிட்டுக் கொள்கின்றன. பிரிக்க 945 கிலோ ஜூல் வேண்டும். காற்றில் 78 சதவீதம் அதுவே. ஆயினும் நெற்பயிர் அதன் நடுவில் நின்றுகொண்டு நைட்ரஜன் இல்லாமல் வாடும். மேலே சொன்ன ஹாபர்தான் 1909-ல் ஹைட்ரஜனோடு சேர்த்து அதை அம்மோனியாவாக்கிக் காட்டினார். கார்ல் பாஷ் என்பவர் ஜெர்மனியில் ஓப்பௌ என்ற இடத்தில் 1913-ல் அதைத் தொழிற்சாலையாக்கினார். நானூறு டிகிரிக்கு மேற்பட்ட சூடும், காற்றழுத்தத்தைப் போல் நூற்றுக்கணக்கான மடங்கு அழுத்தமும் அதற்கு வேண்டும். காவிரிப் பிரதேசத்தில் சம்பா அறுவடையான வயலில் உளுந்தும் பயறும் விதைக்கிறார்களே, அவற்றின் வேர் முண்டுகளில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதே பிணைப்பைச் சேற்றுக்குள், சாதாரண வெயில் சூட்டில், சத்தமில்லாமல் அவிழ்த்து விடுகின்றன. உளுந்து போட்ட நிலம் தேறும் என்று குடியானவர் சொல்வதில் இந்த 945-ம் அடக்கம்.

மறுநாள் வகுப்புக்குப் போனதும், முதல் காரியமாகக் கரும்பலகையில், "நேற்றுச் சொன்னது தவறு" என்று எழுதினோம். வகுப்பில் இதற்கும் சிரிப்பு எழுந்தது. நேற்றையதைவிடச் சற்றுப் பலமாகவே எழுந்தது. வரவு செலவுக் கணக்கைப் போட்டு 411-ல் முடித்தோம். அந்தப் பெண் நோட்டில் இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டு, "அப்படியானால் எட்டு விதி பொய்யா, ஸார்?" என்று கேட்டாள்.

பொய்யல்ல. கார்பன், நைட்ரஜன், ஆக்ஸிஜன், ப்ளோரின் இவற்றின் கூட்டுப் பொருள்களில் பெரும்பாலும் அது சரியான விடைக்கு அழைத்துச் செல்லும். ஆகையால் பரீட்சையில் எழுதலாம். அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டவர்கள்தாம் ஏமாந்தார்கள். கடைசி வரிசையில் எட்டு நிரம்பிய ஸெனான் வாயு எதனோடும் சேராது என்று நெடுங்காலம் புத்தகங்களில் எழுதி வைத்திருந்தார்கள். ப்ளோரினோடு சேரக்கூடும் என்று 1933-ல் லைனஸ் பாலிங் சொன்னார். அப்போது செய்த சோதனை பலிக்கவில்லை. விஷயம் கிடப்பில் விழுந்தது. பிறகு கனடாவில் வான்கூவர் நகரத்துக் கலாசாலையில் நீல் பார்ட்லெட் என்பவர், பிளாட்டினமும் ப்ளோரினும் சேர்ந்த ஒரு செந்நிற வாயு, ஆக்ஸிஜனிடமிருந்தே எலெக்ட்ரானைப் பறிப்பதைக் கண்டார். ஆக்ஸிஜன் மூலக்கூற்றிலிருந்து எலெக்ட்ரானைப் பறிக்க ஏறக்குறைய 1,165 கிலோ ஜூல். அட்டவணையில் ஸெனானைப் பார்த்தார்: 1,170. நம் மாணவியைப் போல அவரும் இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், அவ்வளவுதான். 1962-ஆம் வருஷம் மார்ச் மாதம் ஒரு நாள் மாலை, இரண்டு வாயுக்களுக்கும் நடுவிலிருந்த அடைப்பை உடைத்தார். உடனே ஆரஞ்சும் மஞ்சளும் கலந்த திடப் பொருள் படிந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டுமென்று வெளியே ஓடி வந்தார். எல்லாரும் சாப்பிடப் போய்விட்டிருந்தார்கள்.

கதையை முடித்து நாம் உட்காரப் போகையில் அந்தப் பெண் மறுபடியும் எழுந்தாள். "ஸெனான் சேர்ந்தால் நியான் ஏன் சேரவில்லை, ஸார்? அதற்கும் எட்டுத்தானே?"

இந்தத் தடவை நாம் பதில் சொல்லவில்லை. புத்தகத்தின் பின்பக்கத்து அட்டவணையைப் பிரித்து அவள் கையிலேயே கொடுத்தோம். விரலை வைத்துக்கொண்டே தேடி, "2,081" என்று வாசித்தாள். ஒரு நிமிஷம் யோசித்தாள். "அவ்வளவு விலை யாரும் கொடுக்க மாட்டார்கள், இல்லையா?" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.